நீர்மட்டமும் இடத்தின் புனிதமும்

ஓர் இடத்தின் புனிதம் அந்த இடத்திலேயே உறைகிறதா, அதை அணுகுவோரின் ஒழுக்கத்தால் நிலைபெறுகிறதா என்பது சமயத் தத்துவத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நவஹோ மலைக்கு அருகே நிற்கும் 'ரெயின்போ பிரிட்ஜ்' என்னும் வானவில் பாலத்தின் வரலாறு, அந்த வினாவை நீர்த்தேக்கத்துக்கும் உல்லாசப் படகுகளுக்கும் நடுவே வைத்து ஆராயத் தூண்டுகிறது.

ஓடைநீர் மணற்பாறையை அரித்து உருவாக்கிய, ஏறத்தாழ 290 அடி உயரமுள்ள இந்த இயற்கை வளைவு, 1910-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நவஹோ, ஹோப்பி, பாயூட் முதலிய தொல்குடியினருக்கு இது வழிபாட்டிடம். கல்லாக உறைந்த வானவில் என்று நவஹோ மரபு கருதும் இதன் அடியில், உரிய வேண்டுதலைச் சொல்லாமல் கடந்து செல்வது முறையன்று. கரடுமுரடான பள்ளத்தாக்குகளைக் கால்நடையாகவோ குதிரையிலோ கடந்தவர்களே அங்குச் சேர முடிந்த காலத்தில், தொலைவே அதற்கு மதிலாக நின்றது.

1963-இல் கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டு, பவல் ஏரி என்னும் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியதும் அந்த மதில் கரைந்தது. முழுக் கொள்ளளவு மட்டத்தை, அதாவது கடல்மட்டத்திலிருந்து 3,700 அடியை, ஏரி 1980-இல் முதன்முறையாக எட்டியபோது பாலத்தின் அடியிலேயே நீர் நின்றது. வழிபாட்டிடங்கள் சில மூழ்கின. சுற்றுலாப் படகுகள் பாலத்தின் அருகே வரை வந்தன.

இதற்கு முன்பே, 1974-இல், நவஹோ சடங்குகளை நடத்தும் மூத்தோர் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்து, தங்கள் தெய்வங்கள் நீரில் மூழ்குவதாகவும், பயணிகளின் இரைச்சலும் குப்பையும் சடங்குகளைக் குலைப்பதாகவும் முறையிட்டிருந்தனர். 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு காரணங்களைக் கூறி அதை ஏற்க மறுத்தது: நீரையும் மின்சாரத்தையும் தரும் ஏரியின் மட்டத்தைக் காக்கும் அரசின் நலன் பெரிது என்பது ஒன்று, வழிபாட்டுக்காகப் பயணிகளைத் தடுப்பது, அரசு எந்தச் சமயத்துக்கும் துணைநிற்கக் கூடாது என்னும் அரசமைப்பு விதிக்கு முரணானது என்பது மற்றொன்று.

முதல் காரணத்துக்குள், சமயம் என்பது எங்கும் எடுத்துச் செல்லத்தக்க அகநம்பிக்கை என்னும் கருத்து ஒளிந்திருக்கிறது. தெய்வம் குறிப்பிட்ட பாறையிலும் ஊற்றிலும் குடியிருப்பதாகக் கொள்ளும் மரபுக்கு இது பொருந்தாது. அந்த இடத்தை மூழ்கடித்துவிட்டு, நம்புவதற்கு உரிமை உண்டு என்று சொல்வது உள்ளீடற்ற உரிமையையே தருகிறது. இரண்டாம் காரணமோ எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏனெனில் வழிபாட்டின் எல்லைகளை அதிகாரத்தால் வரையத் தொடங்கும் அரசு, நாளடைவில் சமயங்களுக்கு நடுவராகவும் மாறிவிடும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, பாலத்தை நெருங்கவோ அதன் அடியில் நடக்கவோ வேண்டாம் என்று தேசியப் பூங்காத் துறை 1995 முதல் பயணிகளை வேண்டிக்கொள்கிறது. இது தண்டனையோடு கூடிய தடையன்று, அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்ட கோரிக்கை.

2000-க்குப் பின் நீடித்த வறட்சியால் ஏரியின் மட்டம் சரிந்து, 2023-இன் தொடக்க மாதங்களில் ஏறத்தாழ 3,520 அடிக்கு இறங்கியது. நீர் பாலத்தைவிட்டு விலகிப் படகுத்துறைக்கும் பாலத்துக்கும் இடையிலான நடை நீண்டதால், இயற்கையே புனிதத்தை மீட்டுத் தந்துவிட்டது என்று சிலர் எண்ணக்கூடும். அது பிழையான முடிவு. மலைகளில் பனி மிகுதியாகப் பொழிந்து உருகும் ஆண்டுகளில் மட்டம் மீண்டும் உயரும். நீரோடு ஏறி இறங்கும் பணிவைப் பக்தி என்று கொள்ள இயலாது. தொலைவு தடுத்தபோது விலகி நின்றவரிடம் அறம் சோதிக்கப்படவில்லை. எளிதில் நெருங்கும் வாய்ப்பிருந்தும் தானாக விலகி நிற்பவரிடமே அது வெளிப்படுகிறது.

நீரில் உலவி மகிழும் விருப்பம் குற்றமன்று. அந்த மகிழ்ச்சிக்கு ஓர் எல்லையைத் தானே வகுத்துக்கொள்வது மனிதருக்கு இயலாததுமன்று. சட்டத்தால் கிடைக்காத மரியாதையை அம்மண்ணின் மக்கள் இன்று வேண்டுகோளாகக் கேட்கிறார்கள். ஏரியின் மட்டம் எந்த அளவில் இருந்தாலும், படகிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் அதற்கு இணங்குவதே கடமை.