அம்மா சொன்ன நாலு

ஜொகூர் பாருவிலிருந்து அக்கா கூப்பிடும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "மூவார்ல நல்ல ருமட்டாலஜிஸ்ட் யாராச்சும் இருக்காங்களான்னு பாத்தியா தம்பி?" அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோய்விட்டன. சரியான நிபுணர் ஒருவரைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று அக்கா நம்பினாள், நானும் நம்பினேன். அந்தத் தேடலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் நினைப்பு ஒரு பிளாஸ்டிக் அளவுகோலிடம் போய் நின்றுவிடுகிறது.

அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் தாதி ஒருவர் அதைக் கொண்டுவந்தார். வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கணக்கில் எடுக்கும் வழக்கத்தை நம் சுகாதார அமைச்சு 2008இல் மருத்துவமனைகளில் கொண்டுவந்தது. காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தத்தோடு வலியையும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அளவுகோலின் ஒரு முனையில் பூஜ்யம், மறுமுனையில் பத்து. இடையிடையே முகங்கள், சிரித்துத் தொடங்கி அழுது முடிகின்றன. நகர்த்துவதற்கு ஒரு குறி. "ஆன்ட்டி, சாக்கிட் பெராபா?" என்று வலியின் அளவைக் கேட்டுக்கொண்டே தாதி அதை அம்மாவின் கையில் வைத்தார். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கட்டைவிரலால் குறியை மெல்லத் தள்ளினாள். ஐந்து வரை போய், கொஞ்சம் பின்னால் இழுத்து நிறுத்தினாள்.

"நாலு."

முந்தின இரவு அவள் கழிவறைக்குப் போய்த் திரும்பியதை நான் என் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சுவரைத் தடவும் சத்தம், நிற்பது, மறுபடி ஓரடி. கட்டிலில் உட்காரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுப்பும் அந்த முனகல். அது நாலு இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தாதி எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

மருத்துவர் இளம்பெண், தமிழ்ப் பிள்ளை. எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டினார். முழங்காலின் உள்பக்கத்தில் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. "கிரேடு நாலும்மா" என்றார். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு பேர் 1957இல் வகுத்த அளவு அது. பூஜ்யத்தில் தொடங்கி நாலில் முடிகிறது. நாலுக்கு மேல் அதில் எண் கிடையாது. படம் முடிந்துவிட்டது என்கிறது. அம்மாவின் நாலோ, மேலே இன்னும் ஆறு படி இருக்கிறது என்கிறது.

மருத்துவருக்கு இதில் வியப்பே இல்லை. படம் மோசமாக இருந்தும் சந்தைக்கு நடந்து போகிறவர்கள் உண்டு, படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமலே தூக்கம் கெட்டவர்களும் உண்டு என்றார். படத்தையும் வலியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கக் கூடாதாம்.

ருமட்டாலஜிஸ்ட்டைப் பற்றி அவரிடமே கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன் அம்மாவின் இரண்டு கைகளையும் வாங்கி விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் இறுக்கமாக இருக்கிறது என்று கேட்டார். முகம் கழுவி, காப்பி கலக்குவதற்குள் சரியாகிவிடும் என்றாள் அம்மா. தேய்மானத்தில் அந்த இறுக்கம் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், விரல்களும் மணிக்கட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். அந்த நோய், லூப்பஸ், அடங்காத கவுட் போன்றவற்றுக்குத்தான் ருமட்டாலஜிஸ்ட் முக்கியம். தாமதித்தால் மூட்டே கெட்டுவிடும். செலாயாங், புத்ராஜெயா, சிரம்பான் போன்ற பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. சந்தேகம் வந்தால் கிளினிக்கிலிருந்தே கடிதம் தருவார்கள். அம்மாவுக்கு வந்திருப்பது தேய்மானம். அதற்குக் குடும்ப மருத்துவ நிபுணர், பிசியோதெரபி, தேவைப்பட்டால் எலும்பு அறுவை நிபுணர் போதும் என்றார். கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரிடம் போனால் 5 ரிங்கிட். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். நியாயமான பதில்தான். ஆனாலும் என் மனசு அடங்கவில்லை. யாராவது ஒரு பெரிய நிபுணர், அம்மாவின் கால்வலி எத்தனை என்று என்னிடம் சரியாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அந்த நாலு எங்கிருந்து வந்தது?

பாகோ பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, விடியுமுன் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் போடுவார்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் இருட்டோடு கிளம்ப வேண்டும். ஆயாக்கொட்டகைக்கு என்னைத் தூக்கிப் போகும்போது அம்மாவின் சேலையில் முந்தைய நாளின் பால் வாடை அடிக்கும். வெட்டுப்பட்டை வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கிக்கொண்டே வரும். தரையை ஒட்டிவிட்ட மரத்தைக் குந்தித்தான் வெட்ட முடியும். ஒரு நிரையில் 500 மரம் என்பது சாதாரணக் கணக்கு. ஒவ்வொரு மரத்திலும் குந்துவது, எழுவது. பிறகு காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, ஸ்டோர் வரை நடை. பாரம் தூக்குவதும் குந்துவதும் முழங்கால் தேய்மானத்துக்குக் காரணமாகும் என்று இன்று மருத்துவ நூல்கள் எழுதுகின்றன.

உடம்புக்கு முடியாதவர்கள் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸரிடம் போய் நிற்க வேண்டும். அவர் சீட்டு எழுதினால்தான் நோய் நோயாகும். இல்லாவிட்டால் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அங்கே யாரும் பத்து என்று சொன்னதில்லை. பத்து என்றால், பிறகு எப்படி நடந்து வந்தாய் என்று கேட்பார்கள். பூஜ்யம் என்றால் நிரைக்குப் போ என்பார்கள். நடுவில் நம்பத்தக்க ஓர் இடத்தில் வலியை வைத்துச் சொல்லப் பழகியவள் அம்மா என்று நினைத்தேன். அளவுகோலில் ஐந்திலிருந்து பின்னுக்கு வந்த கட்டைவிரல், டிரெஸர் முன் நின்ற அதே அம்மாவின் கட்டைவிரல்.

அப்படி நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் அந்த விளக்கம் முழுசாக நிற்காமல் போயிற்று. அம்மா எதையும் குறைத்துச் சொல்கிறவள் இல்லை. மீன் கடையில் விலை பேசும் அவள் குரல் அடுத்த வரிசைக்குக் கேட்கும். பல்வலி வந்தபோது தெருவுக்கே தெரிந்தது. எல்லா விஷயத்திலும் தோட்டத்தைக் கொண்டுவந்து காரணம் காட்டினால், இந்த வயதில் அவள் தானாக எடுக்கும் முடிவுக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

ஒரு பத்திரிகையில் எப்போதோ படித்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. 2002இல் அமெரிக்காவின் ஹியூஸ்டனில், தேய்ந்த முழங்காலுக்குக் குழாய் விட்டுச் செய்யும் சுத்திகரிப்பு அறுவையைச் சோதித்தார்கள். மொத்தம் 180 பேர். சிலருக்கு உண்மையான அறுவை, சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தையல். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்கள் வெறும் கீறல் பட்டவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. இதைப் படித்தபோது மருத்துவத்தின் மேல் கோபம் வந்தது. இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. ஒருவர் தன் காலைக் கவனித்தார், தொட்டார், கட்டுப் போட்டார் என்பதாலேயே வலி கொஞ்சம் இறங்கும் என்றால், கைவிரல்களை அழுத்திப் பார்க்கப்போகும் மருத்துவரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வலி ஏற்கனவே இறங்கத் தொடங்கியிருக்கலாம்.

இன்னும் எளிய காரணமும் உண்டு. தேய்மான வலி நடந்தால் ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். காலையிலிருந்து நாற்காலியில் காத்திருந்தவளிடம் இப்போது எவ்வளவு வலி என்று கேட்டார்கள். அவள் இப்போதைய வலியைச் சொன்னாள். நேற்று இரவின் எட்டு என் காதில் இருந்தது. அப்படியானால் நாலு என்பது அந்த நிமிஷத்தின் உண்மை.

எது சரி என்று தெரியாமல் இருக்கும்போதே ஊர் முழுக்க மருந்து சொல்கிறது. குளுக்கோசமைன் என்கிறார்கள், 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 1,500 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள், மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட அது மேல் என்று நிரூபணமாகவில்லை. அதை வாங்கினால் காசுதான் போகும். எனக்குப் பயம் தருவது வேறு: பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து தந்த, பெயர் அச்சிடாத குப்பி. "ஒரே ராத்திரியில வலி போயிரும்மா." இப்படிப்பட்ட ஜாமு என்னும் நாட்டு மருந்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மால் என்னும் மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லாத எதையும் வீட்டில் வைக்காதே என்று அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். ஒரே இரவில் பூஜ்யமாகும் வலியை நான் நம்பத் தயாராக இல்லை.

அன்று கிளினிக்கில் மருத்துவர் கடைசியில் எண் இல்லாத ஒரு கேள்வி கேட்டார். "எதைச் செய்ய முடியலன்னு உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா?"

படியேறுவது என்பாள், இரவில் எழுவது என்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. "கோயில்ல கீழ உக்கார முடியலம்மா. எல்லாரும் பாயில உக்காந்திருக்காங்க, எனக்கு மட்டும் பின்னால நாற்காலி போட்டுக் குடுக்கறாங்க."

அவள் முன்னால் உட்கார்ந்து பாட்டை எடுத்துக் கொடுப்பவள். இப்போது பின்னால் நாற்காலியில் இருந்துகொண்டு, மற்றவர்கள் தொடங்கிய பாட்டில் சேர்ந்துகொள்கிறாள். இது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு நான் வண்டியோடு ஆற்றங்கரைப் பக்கம் போய்விடுவேன்.

இப்போது பிசியோதெரபி நடக்கிறது. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிப் பிடித்து, தொடைத்தசை இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ 4 கிலோ சுமை குறையும் என்று சொன்னதிலிருந்து ரொட்டி சானாயை விட்டுவிட்டாள். மாலையில் தஞ்சோங் எமாசில் கொஞ்சம் நடக்கிறோம்.

எலும்பு நிபுணரிடமும் போய்வந்தோம். மூட்டு மாற்று அறுவை செய்துகொள்ளலாம் என்றார். படத்தை வைத்து இல்லை, வலியையும் முடியாமையையும் வைத்து அவர்தான் முடிவு எடுக்க வேண்டும் என்று அம்மாவைக் கைகாட்டினார். அறுவைக்குப் பிறகு தரையில் சம்மணமிட்டு உட்காரலாமா என்று கேட்டேன். பொதுவாக வேண்டாம் என்றுதான் சொல்வோம் என்றார்.

அதிலேதான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் நாலு என்று சொல்லும் வலியை அறுவை பெரும்பாலும் போக்கிவிடும். அவள் கேட்ட பாயை அது திருப்பித் தருமா என்றால், தராது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்திலிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே வைக்கிறது. தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, அந்தக் கடைசி ஆளுக்கு மருந்தை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை என்று எண்ணியிருந்தேன். நோயாளி நாலு என்னும்போது எட்டு என்று சொல்லும் உரிமை அவனுக்கு உண்டா? இரவில் அவள் முனகுவதைக் கேட்கிறவன் அவன்தான். பாயிலிருந்து நாற்காலிக்குப் போனதைத் தாங்குகிறவள் அவள்தான்.

அறுவையைப் பற்றிப் பேச்செடுத்தால் "நீ என்னப்பா சொல்றே?" என்று அம்மா என்னையே கேட்கிறாள். செய்துகொள் என்று ஒரு வாரம் தோன்றுகிறது, வேண்டாம் என்று அடுத்த வாரம். இதுவரை நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.