அறுவடை யார் கையில்?

நன்மையே கடைசியில் வெல்லும் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடித்தளம். சிலுவையிலும் உயிர்த்தெழுதலிலும் தீமை தோற்றுவிட்டது. கிறிஸ்துவின் இரண்டாம் வருகையில் அந்தத் தோல்வி முழுமையடையும் என்று திருச்சபை நம்புகிறது. முடிவு இவ்வளவு உறுதி என்றால், அதை விரைவுபடுத்த விசுவாசி வாளெடுக்கலாமா?

ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் எடுத்தார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்து, வளர்ந்தவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்று சொன்னதற்காக ஐரோப்பாவெங்கும் வேட்டையாடப்பட்ட அனபாப்டிஸ்டுகள், 1534 பிப்ரவரியில் அந்நகரின் ஆட்சியைப் பிடித்தார்கள். மறுபடி ஞானஸ்நானம் பெற மறுத்தவர்கள் கடுங்குளிரில் வெளியே துரத்தப்பட்டார்கள். அந்த ஆண்டு ஈஸ்டருக்குள் உலகம் நியாயத்தீர்ப்பைக் காணும் என்று அறிவித்திருந்த அவர்களின் தலைவர் யான் மத்தைஸ், ஈஸ்டர் நாளில் சிலரோடு, நகரை முற்றுகையிட்டிருந்த ஆயரின் படையை எதிர்க்கப் போய் வெட்டுண்டு இறந்தார். அவருக்குப் பின் தையற்காரரான யான் வான் லெய்டன் தன்னை அரசனாக்கிக்கொண்டு, எதிர்த்துப் பேசியவர்களுக்கு மரண தண்டனை கொடுத்தார். பசியில் வாடிய நகரம் 1535 ஜூனில் ஆயரின் அந்தப் படையிடம் வீழ்ந்தது. அந்தப் படையும் இரக்கமின்றிக் கொன்று குவித்தது. தலைவர்கள் மூவரைச் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை வைத்துத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் இன்றும் லாம்பர்ட் ஆலயக் கோபுரத்தில் இருக்கின்றன.

அந்த மக்களின் வேதனை பொய்யல்ல. ஒடுக்கப்பட்டவர்களைத் தேற்றவே எழுதப்பட்ட வெளிப்படுத்தின விசேஷத்தை அவர்கள் பற்றிக்கொண்டதும் இயல்புதான். ஆனால் அந்த நூலில் வெற்றி பெறுவது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. அதை மறந்து, நியாயாதிபதியின் ஆசனத்தில் தாங்களே ஏறி அமர்ந்தார்கள். கூண்டுகளைத் தொங்கவிட்டவர்களும் அதே ஆசனத்தில்தான் அமர்ந்தார்கள்.

இயேசு சொன்ன களைகளின் உவமை இதற்கு நேராகவே பதில் தருகிறது. களையைப் பிடுங்கட்டுமா என்று கேட்கும் வேலைக்காரர்களை எஜமான் தடுக்கிறார். கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்பட்டுவிடுமே என்பது அவருடைய கவலை. அறுக்கிறவர்கள் தேவதூதர்கள், மனிதர்கள் அல்ல. அறுவடை நிச்சயம் என்பதாலேயே அரிவாள் நம் கையில் இல்லை. மூன்ஸ்டரின் தலைவர்கள் கொல்லப்பட்ட அதே 1536 ஜனவரியில், மென்னோ சைமன்ஸ் கத்தோலிக்கக் குருப்பணியை விட்டு வெளியேறினார். சிதறிப்போன அனபாப்டிஸ்டுகளை அவர் வாளேந்தாத வழியில் திரட்டினார். அவர் பெயரால் மென்னோனைட்டுகள் எனப்படும் சபையார் பல நூற்றாண்டுகள் போருக்குப் போக மறுத்துத் துன்பப்பட்டிருக்கிறார்கள்.

கடைசி வெற்றி என்பது தீமை ஒழிவதா, தீயவர் ஒழிவதா என்ற கேள்வி மூன்ஸ்டரைவிடப் பழையது. நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரியார், தீமை முற்றிலும் மறைந்து, எல்லாரும் குணமாவார்கள் என்று எதிர்பார்த்தார். அகுஸ்தீனார் அதை ஏற்கவில்லை. மேற்கத்தியத் திருச்சபை அவர் பக்கமே நின்றது. நித்திய தண்டனையை நம்புகிறவருக்கும்கூட, அதற்குரியவர்களின் பட்டியலை எழுதும் அதிகாரம் தரப்படவில்லை.

அரிவாளைக் கீழே வைப்பது கைகட்டி நிற்பதாகாது. 1985-இல் தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் வெளியிட்ட 'கைரோஸ்' ஆவணம், நிறவெறி அரசை ஆசீர்வதித்த இறையியலைக் கண்டித்தது. நீதியைப் பேசாமல் ஒப்புரவை மட்டும் போதித்த சபைகளையும் அது விட்டுவைக்கவில்லை. பரலோகத்தைக் காட்டி ஏழையைப் பொறுமையாக இருக்கச் சொல்வது விசுவாசமல்ல, கொடுமைக்குத் துணைபோவது.

அரிவாளைக் கீழே வைப்பதையும் கொடுமையை எதிர்ப்பதையும் சேர்த்துச் சுமந்தவர் தென்னாப்பிரிக்க ஆயர் டெஸ்மண்ட் டுட்டு. நிறவெறி ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று ஆட்சியாளர்களின் முகத்துக்கு நேராகச் சொல்லி, வெல்லும் பக்கத்துக்கு வந்துவிடுங்கள் என்று அவர்களையே அழைத்தவர். 1985 ஜூலையில் டுடுசாவில் நடந்த ஓர் இறுதிச்சடங்கில், போலீஸ் உளவாளி என்று சந்தேகித்து ஒருவரை எரிக்க முயன்றது கூட்டம். டுட்டுவும் உடனிருந்த இன்னோர் ஆயரும் உள்ளே புகுந்து அவரை மீட்டார்கள். சில நாட்களில் அதே டுடுசாவில், அதே சந்தேகத்தின் பேரில், ஓர் இளம்பெண் எரித்துக் கொல்லப்பட்டார். அவர் உளவாளியே அல்ல என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணையில் தெரியவந்தது.