நோய்முகாமைத்துவமும் பொறுப்பின் அறமும்

இருதயச் செயலிழப்பு என்னும் பெயர் இருதயம் நின்றுவிட்டதென்று பொருள்படாது. உடலின் தேவைக்கேற்பக் குருதியைச் செலுத்தும் ஆற்றல் குன்றிய நிலையையே அது குறிக்கும். அந்நிலையில் உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன, கால்கள் வீங்குகின்றன, நுரையீரலில் நீர் சேர, மூச்சு முட்டுகின்றது. பெரும்பாலும் முற்றாகக் குணமாகாத இந்நோயுடன் ஒருவர் பல்லாண்டு வாழவும் கூடும். ஆதலின் சிகிச்சையின் பெரும்பகுதி வைத்தியசாலையிலன்றி வீட்டிலேயே நிகழ்கின்றது. காலைதோறும் உடல்நிறையை அளத்தல், உப்பைக் குறைத்தல், மருந்துகளைத் தவறாது உட்கொள்ளல், மூன்று நாள்களுள் நிறை இரண்டு கிலோகிராமுக்கு மேல் ஏறின் உடன் அறிவித்தல் ஆகியன நோயாளிக்குக் கற்பிக்கப்படுகின்றன. இவற்றைக் கற்பித்துத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடே நோய்முகாமைத்துவத் திட்டம் எனப்படும்.

இத்திட்டம் நோயாளிக்குத் துணைசெய்கின்றதா, அன்றிப் பிறர் ஏற்கவேண்டிய பொறுப்பையும் அவர்மீது சுமத்துகின்றதா என்பதே நாம் ஆராயவேண்டிய வினா. நோய் மீண்டும் முற்றி அவர் வைத்தியசாலைக்கு வரும்போது, ‘அறிவுரையைக் கைக்கொள்ளாதவர்’ என்று பதிவேட்டில் எழுதுதல் எளிது. ஆயின் அது வெறும் விவரணமன்று, ஒரு தீர்ப்பு. ஆற்றக்கூடியதையே கடமையாக விதிக்கலாம் என்பது ஒழுக்கவியலில் நன்கறியப்பட்ட நியாயம். நினைவு மங்கிய முதியவரும், பிறர் சமைத்ததை உண்பவரும், நிறுக்கும் கருவி வாங்க வசதியற்றவரும் அத்தீர்ப்புக்கு எவ்வாறு உரியவராவர்?

இத்திட்டங்கள் பற்றிய ஆய்வுகள் இவ்விடத்தில் சிந்தனைக்குரியன. 1995இல் ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் மைக்கல் றிச்சும் உடனாய்வாளரும் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 282 நோயாளரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு பெரும் நம்பிக்கை அளித்தது. தாதியர் முன்னின்று கற்பித்து, வீடுசென்று, தொலைபேசியில் விசாரித்த பிரிவில் 90 நாள்களுள் மீளனுமதிகள் 53. வழமையான கவனிப்புப் பெற்ற பிரிவில் 94. ஆனால் 2010இல் அந்நாட்டிலேயே வெளிவந்த வேறோர் ஆய்வில், 1653 நோயாளருள் ஒரு பிரிவினர் தினமும் தானியங்கித் தொலைபேசியை அழைத்துத் தம் நிறையையும் அறிகுறிகளையும் தெரிவிக்குமாறு கேட்கப்பட்டனர். மீளனுமதியோ மரணமோ குறையவில்லை. அப்பிரிவினருள் 14 வீதமானோர் அம்முறையை ஒருமுறையேனும் பயன்படுத்தவில்லை.

இதனால், மனிதர் இருந்தாற் போதும், இயந்திரம் பயனற்றது என்று முடிவுகட்டலாகாது. 2008இல் நெதர்லாந்தில் 1023 பேரிடை நிகழ்ந்த ஆய்வில் தாதியரின் கூடுதல் ஆதரவும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நாம் கொள்ளத்தக்க முடிவு இதனிலும் சிறியது: ஒருவர் அழைக்காதிருப்பதற்கு அலட்சியம் ஒரு காரணமாகலாம், அச்சமும் சோர்வும் விளங்காமையும் காரணமாகலாம். கேட்டறியுமுன் குற்றஞ்சாட்டுதல் அறமாகாது.

அளவுகோல் பற்றிய பிரச்சினையும் உண்டு. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 30 நாள்களுள் மீளனுமதி எதிர்பார்ப்பினும் மிகுந்த வைத்தியசாலைகளுக்கு முதியோர் காப்புறுதியான மெடிகெயாரின் கொடுப்பனவு 2012 ஒக்ரோபர் முதல் குறைக்கப்படுகின்றது. மீளனுமதி குறைதல் நோயாளிக்கும் நலம், செலவு செய்வோர்க்கும் நலம். இரண்டும் ஒத்துச் செல்லும்வரை சிக்கலில்லை. மூச்சு முட்டும் ஒருவருக்குக் கட்டில் வழங்கத் தயங்கும் நிலை வருமாயின் அவை பிரிந்துவிடும். திட்டம் யாருக்காக என்பது அவ்வேளையிலேயே வெளிப்படும்.

நோயாளிக்குப் பொறுப்பே இல்லை என்பாரும் தவறுவர். பொறுப்பை முற்றாக நீக்குதல் அவரைச் சிறுபிள்ளையாக்குதலாகும். விளைவை அறிந்தே பெருநாளில் உவர்ப்பான உணவை ஒருவர் விரும்பி உண்பாராயின், அது அவரது வாழ்வு பற்றிய அவரது தெரிவு; அதனை மதித்து, மறுநாளும் அவரைக் கவனிப்பதே வைத்தியரின் கடன்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என நான்கு கூறாக்கினார். நான்காமவர் இல்லாதவிடத்து அவரது கடமையையும் நோயாளியின் தலையில் ஏற்றிவிட்டு, அவர் தவறினார் என்று எழுதுதல் நீதியாகாது. எந்த அளவிற்குத் துணை நிற்கின்றோமோ அந்த அளவிற்கே பொறுப்பைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.