அறிவும் அனுமதியும்

அறிவைத் தேடுவது மேலான காரியம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கல்லையும் மரத்தையும் விண்மீனையும் ஆராய்கிறவன் அவற்றினிடம் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. ஆனால், மனிதனை மனிதன் ஆராயப் புகும்போது விஷயம் வேறாகிவிடுகின்றது. ஆராயப்படுகிறவனுக்கும் வாய் உண்டு, மானம் உண்டு, தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் பாத்தியமும் உண்டு. அவனுடைய சொல்லையும் பாட்டையும் மருந்தையும் இரத்தத்தையும் எடுத்துச் செல்ல நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? இதுவே நாம் இன்று சிந்திக்க எடுத்துக்கொண்ட கேள்வி.

சிலிபினில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. கோப்பேங், தாப்பா மலைப்பக்கங்களில் செமாய் மக்களும், சுங்கை சிப்புட்டுக்கு அப்பாலுள்ள காடுகளில் தெமியார் மக்களும் வாழ்கின்றனர். இந்நாட்டின் பூர்வகுடிகளாகிய இவர்கள் இன்று ஓராங் அஸ்லி எனப்படுகின்றனர். முன்னாளில் பிறர் இவர்களுக்கு இட்ட 'சாக்காய்' என்னும் இழிபெயர் நம்மவர் சிலர் நாவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. 'கூலி' என்ற சொல் நம் பாட்டன்மாரை எப்படிச் சுட்டதோ, அப்படியே இச்சொல் அவர்களைச் சுடும் என்பதை நாம் மறக்கலாமா?

நம் முன்னோரும் அளக்கப்பட்டவர்களே. சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். ரங்காச்சாரி என்பவரின் துணையோடு, 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளந்தவரின் பெயர் நூலின் முகப்பில் நிற்கின்றது. அளக்கக் கொடுத்தவர்களோ எண்களாய்க் கிடக்கின்றனர்.

நமது பேராக்கிலேயே நடந்த ஒரு செய்தியைப் பார்ப்போம். 1931-ல் நூன் என்ற ஆங்கிலேயர் தைப்பிங்கிலுள்ள பேராக் மியூசியத்தில் மானிட ஆராய்ச்சிக்கென நியமனம் பெற்றார். அவர் தெமியார் மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைப் பயின்று, 1936-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர்களுடைய நிலம் காக்கப்பட வேண்டுமென்று வாதாடினார். 1939-ல் பேராக்கில் பூர்வகுடிகளுக்கென ஒரு சட்டமும் பிறந்தது.

1934-ல் அவரோடு காட்டுக்குள் சென்ற கில்டன் ஸ்டுவர்ட் என்ற அமெரிக்கரின் கதை வேறு. அவருக்கு அம்மக்களின் மொழி தெரியாது. தங்கியதும் சொற்ப காலமே. ஆயினும், 1951-ல் மலாயாவின் கனவுத் தத்துவம் என்று அவர் ஒரு கட்டுரை எழுதினார். செனோய் மக்கள் காலை உணவு வேளையில் பிள்ளைகளின் கனவுகளைக் கேட்டு நெறிப்படுத்துகின்றனர் என்றும், அதனால் அவர்களிடையே மனநோயும் கொடுங்குற்றமும் இல்லை என்றும் அதில் சொன்னார். 1960-களிலும் அதற்குப் பின்னரும் அமெரிக்காவில் இது பெரிதும் பரவியது; இதைக் கைக்கொண்டு கனவுப் பயிற்சிக் கூட்டங்களும் நடந்தன. ஆனால், செமாய் மக்களோடு நீண்டநாள் வாழ்ந்த ராபர்ட் டெண்டன் போன்ற ஆராய்ச்சியாளர் இப்படியொரு வழக்கத்தைக் காணவில்லை. டோம்ஹாப் என்பவர் 1985-ல் ஒரு நூலே எழுதி இக்கதையின் பொய்ம்மையை வெளிப்படுத்தினார்.

இதில் வேடிக்கை என்னவெனில், உண்மை அந்தக் கற்பனையைக் காட்டிலும் அழகானது. தெமியார் மக்களுக்குக் கனவில் ஆவித்துணைகள் பாடல்களை அருளுகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அப்பாடல்களைக் கொண்டே நோய் தீர்க்கின்றனர். அம்மக்களோடு தங்கிப் பாட்டைப் பயின்ற மரீனா ரோஸ்மன் என்ற அம்மையார் 1991-ல் இதை விரிவாக எழுதினார். ஸ்டுவர்ட் தமது கட்டுரையை அம்மக்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டியிருந்தால், ஒரு தெமியார் மூதாட்டியே சிரித்துத் திருத்தியிருப்பாள். இகழ்ச்சி மாத்திரமே அவமதிப்பு என்று எண்ண வேண்டாம். ஆளை அறியாமல் சூட்டும் புகழ்மாலையும் அவமதிப்பே.

இனி அனுமதியைப் பற்றிச் சொல்லுவோம். 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஓராங் அஸ்லி விவகாரங்கள் அரசாங்கத்தின் பொறுப்பிலுள்ளன. ஆராய்ச்சி செய்யப் போகிறவர் ஜாக்கோவா இலாகாவின் உத்தரவைப் பெறவேண்டும். அது அவசியந்தான். ஆனால், அது போதுமா? தோட்ட ஆபீசில் பேரேடு எழுதும் நமக்கு இதன் விடை நன்றாய்த் தெரியும். துரை தலையசைத்துவிட்டால் வெளியார் லயத்துக்குள் நுழைந்து எதையும் கேட்கலாம் என்றிருந்த காலம் ஒன்றுண்டு. லயத்திலிருந்தவர் 'மாட்டேன்' என்று சொல்லியிருக்க முடியுமா? மறுக்க முடியாதவனுடைய சம்மதம் சம்மதமாகாது. காவற்காரன் தந்த சாவி வீட்டுக்காரனின் வரவேற்பாகாது.

'ஒவ்வொன்றுக்கும் உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தால் அறிவு வளர்வது எப்படி?' எனச் சிலர் கேட்பர். நோய்க்கு மருந்து காணும் ஆராய்ச்சியும் தடைப்படுமே என்பர். இது தள்ளத்தக்க ஆட்சேபமன்று. ஆனால், கேளாமையால் வந்த நஷ்டத்தையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் ஹவாசுபாய் என்னும் பூர்வகுடியினர், நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று நம்பி 1990 முதல் அரிசோனா மாநிலச் சர்வகலாசாலையாருக்கு இரத்தம் கொடுத்தனர். அதே இரத்தம் அவர்களறியாமல் வேறு ஆராய்ச்சிகளுக்கும் பயன்பட்டது. வழக்கு மூண்டு, 2010-ல் ஏழு லட்சம் டாலரும், எஞ்சிய இரத்தமும் அவர்களிடம் திரும்பின. நம்பிக்கை திரும்பிற்றா? அறிவை வளர்ப்பதற்கென்று செய்த அவசரமே அறிவின் வாசலை அடைத்துவிட்டது.

2017-ல் தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் தாங்களே ஒரு விதித்தொகுப்பு வகுத்து, தம்மிடம் ஆராய வருகிறவர் அதன்படி நடக்கவேண்டுமென்றனர். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்பனவே அதன் அடிப்படை. இவை புதுமையானவையா? விருந்தினன் வீட்டுக்காரனிடம் காட்டவேண்டிய ஒழுக்கமே அல்லவா!

கையில் ஏடும் படப்பெட்டியும் கொண்டு மலைக்குச் செல்லும் நம் இளைஞருக்கு நாம் கூறுவது இதுதான். முதலில் அவர்கள் தம்மை அழைக்கும் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். வந்த நோக்கத்தை அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள். 'வேண்டாம்' என்றால் முகங் கோணாமல் திரும்புங்கள். எழுதியதை அவர்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள். பிறர் எழுதிய ஏட்டில் வெறும் எண்ணாய்க் கிடந்த வேதனையை அறிந்த சமூகம் நம்முடையது. அதே ஏட்டை நாம் இன்னொருவர்மேல் திறப்பதானால், அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் பார்க்கவே எழுதுவோமாக.