புறங்காட்டிய பின்னும் தீராத அச்சம்

கிராமத்து நிலத் தகராறு ஒன்று கொலையில் முடிந்து, குற்றம் சாட்டப்பட்டவர் தம் உயிரைக் காத்துக்கொள்ளவே ஆயுதம் எடுத்ததாக நீதிமன்றத்தில் கூறும்போது, நிலம் யாருடையது என்ற பெரிய கேள்வி பின்னுக்குப் போய், மிகச் சிறியதொரு கேள்வி முன்னுக்கு வந்து நிற்பதைப் பல தீர்ப்புகளில் காணலாம். தாக்க வந்தவர் எந்தக் கணத்தில் புறங்காட்டினார் என்பதே அக்கேள்வி. அவர் முகம் எதிரே இருந்தவரை தற்காப்பு என்று கொள்ளப்படக்கூடிய ஒரு செயல், அவர் முதுகு தெரிந்த மறுநொடியில் கொலையாகிவிடுகிறது. இந்த ஒரு நொடிக்குள் மனித மனத்தில் உண்மையிலேயே என்ன மாறுகிறது என்ற ஐயம் எளிதில் தீர்வதாக இல்லை.

1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பஞ்சாப் வழக்கு ஒன்று இவ்வையத்தை மிகக் கூர்மையாக எழுப்புகிறது. ஒரு வயலின் உடைமை குறித்து இரு தரப்பினருக்கிடையே எழுந்த மோதலில் துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் போயின. சுட்டவர்கள் தற்காப்புரிமையைக் கோரினர். தற்காப்புரிமை என்பது, தன் உடலுக்கோ பிறர் உடலுக்கோ, தன் உடைமைக்கோ பிறர் உடைமைக்கோ எதிராகக் குற்றம் நிகழும்போது அதைத் தடுக்க ஒருவர் பலத்தைப் பயன்படுத்துவதைக் குற்றமாகக் கருதாத சட்ட விலக்காகும்; 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இதை வரையறுத்தன. தீர்ப்பை எழுதிய நீதிபதி பி. பி. கஜேந்திரகட்கர், அச்சுறுத்தப்பட்ட மனிதர் அந்த நெருக்கடியில் கையாண்ட பலத்தைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கலாகாது என்றும், நீதிமன்ற அறையின் அமைதியில் இயல்பாக எழும் பற்றற்ற பார்வையை வயலில் நின்றவரிடம் எதிர்பார்க்கலாகாது என்றும் பரிவோடு விளக்கினார். ஆயினும், வந்தவர்கள் கலைந்து ஓடத் தொடங்கியதும் அச்சத்திற்கான காரணம் நீங்கிவிட்டதென்றும், அதன்பின் சுட்டவர்களுக்குத் தற்காப்பு என்னும் அரண் இல்லையென்றும் அதே தீர்ப்பு முடிவுகட்டியது.

ஓடுபவர் முதுகைக் காட்டினார் என்ற அந்தச் சிறு விவரத்தையே திரும்பத் திரும்ப நினைக்க வேண்டியிருக்கிறது. பலத்தின் அளவை நிறுக்கத் தட்டான் தராசு வேண்டாம் என்ற சட்டம், காலத்தை அளக்கும்போது மட்டும் இத்துணைக் கறாராக நிற்பதேன்? கொலைக்குச் சட்டம் வகுத்த விதிவிலக்குகளுள் ஒன்று, தற்காப்புரிமையை நல்லெண்ணத்தோடும் முன்திட்டமின்றியும் பயன்படுத்தும்போது வரம்பு மீறியவருக்குக் குற்றத்தைக் குறைத்து, அதைக் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற வகையில் சேர்க்கிறது. ஆனால், உரிமை உயிரோடிருக்கும்போது அளவு மீறியவருக்கே இச்சலுகை பொருந்தும். உரிமை முடிந்த பின் செயல்பட்டவருக்கு மீறுவதற்கென்று எதுவும் மிச்சமில்லை. ஒருவர் தேவைக்கு மேல் ஒரு வெட்டு வெட்டினால் சட்டம் இரங்குகிறது, இரண்டு நொடி தாமதித்து வெட்டினால் இரங்குவதில்லை என்று இதைச் சுருக்கிச் சொல்வது முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் பெரிதும் உண்மையே.

நிலத் தகராற்றில் விளையும் அச்சம், வழிப்பறிக்காரனைக் கண்டு எழும் அச்சத்தைப் போன்றதன்று. வழிப்பறிக்காரன் ஓடிவிட்டால் அநேகமாக மீண்டும் வரமாட்டான். பக்கத்து வயல்காரரோ மறுநாள் காலையிலும் அதே வரப்பில்தான் மண்வெட்டியோடு நிற்பார். உழவு முடிந்ததும் வரப்பின் ஓரத்தைச் சீவி எடுப்பதும், நான்கு விரற்கிடை அகலம் அடுத்த ஆண்டில் எட்டு விரற்கிடையாவதும், நண்டு வளையால் சரிந்த கரையைச் சரிசெய்யும் சாக்கில் அளவுக்கல் சற்றே சாய்வதும் நிலமுள்ள எந்த ஊரிலும் நடப்பவை. வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்ட இரவுகள், பஞ்சாயத்தில் பேசி முறிந்த பேச்சுகள், ஆண்டுக்கணக்கில் இழுபடும் உரிமையியல் வழக்கின் வாய்தாக்கள் எல்லாம் அடுக்கடுக்காகச் சேர்ந்த பிறகே ஒரு நாள் கைகலப்பு வெடிக்கிறது. அன்றைய அச்சத்தைப் பார்க்கிற நீதிமன்றம், அதன் அடியில் கிடக்கும் அச்சத்தைப் பகை என்ற பெயரில் முன்விரோதமாகப் பதிவு செய்கிறது; சில வேளைகளில் கொலை நோக்கத்திற்கான சான்றாகவும் கொள்கிறது.

இவ்விடத்தில் சிறுவர்களின் சண்டையை நினைத்துப் பார்ப்பது பொருத்தமற்றதன்று. தெருவில் தன்னைவிடப் பெரிய பையனிடம் அடிவாங்கிய சிறுவன், அவன் தெருமுனை திரும்பிப் போன பிறகுதான் கல்லைப் பொறுக்குகிறான். கை நடுங்குவதும் கண்ணில் நீர் முட்டுவதும் அப்போதுதான். திண்ணையில் இருக்கும் பெரியவர், “அவன்தான் போயிட்டானே, கல்லைக் கீழே போடுடா” என்று அதட்டுவார். போனவன் நாளைக்கும் பள்ளிக்கூடத்திற்கு வருவான் என்பது சிறுவனுக்குத் தெரியும்; பெரியவருக்கும் தெரியும். அந்த அதட்டலில் நியாயம் இருக்கிறது, ஆனால் சிறுவனின் கேள்விக்கு விடை இல்லை.

பழந்தமிழ்ப் போரிலக்கணத்தில் இதற்கு நெருங்கிய ஓர் எண்ணம் பதிவாகியுள்ளது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை வஞ்சிப் படலத்தில் ‘தழிஞ்சி’ என்றொரு துறையை வகுத்து, தோற்றுப் புறங்காட்டி ஓடுவோர்மீது வாள் ஓச்சாத வீரத்தை அதற்குப் பொருளாகக் கூறுகிறது. துறை என்பது ஒரு திணைக்குள் பாடப்படும் தனித்த சூழலாகும். ஓச்சாமல் விட்டதை இரக்கம் என்று கூறாமல் அஞ்சாமை என்றே அந்நூல் மதிப்பது கவனிக்கத்தக்கது. ஓடுகிறவன் படை திரட்டிக்கொண்டு திரும்பி வரக்கூடும். அதை அறிந்தும் வாளைத் தாழ்த்துவதற்கு, ஓச்சுவதைவிடப் பெரிய நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது. அவ்வாறெனில், போர்க்களத்து மறவனிடம் கண்டால் பாடி வைக்கத்தக்க அரிய பண்பு என்று இலக்கணம் கருதியதை, நடுங்கி நிற்கும் ஒரு விவசாயியிடம் குறைந்தபட்சக் கடமையாகத் தண்டனைச் சட்டம் கேட்கிறது. இது சிறிய கோரிக்கை அன்று.

நிலத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் சட்டம் எதிர்பாராத இடங்களுக்கே அழைத்துச் செல்கிறது. 1975-இல் நீதிபதி ஃபசல் அலி எழுதிய மற்றொரு பஞ்சாப் வழக்கின் தீர்ப்பு, நிலைபெற்ற அனுபோகம் என்ற கருத்தை விரித்துரைத்தது. நிலத்தில் அத்துமீறி நுழைந்தவரே ஆனாலும், உரிமையாளர் அறியப் போதிய காலம் அதை வைத்திருந்து, உரிமையாளரும் அதற்கு இணங்கிப் போயிருந்தால், அவரைப் பலவந்தமாக வெளியேற்றும் உரிமை உரிமையாளருக்கு இல்லை. சட்டத்தின் வழியாகவே வெளியேற்ற வேண்டும். சாகுபடி நிலத்தில் இதை அறிய அத்தீர்ப்பு சுட்டிய சோதனை, நுழைந்தவர் பயிர் வளர்த்திருக்கிறாரா என்பதாகும். பயிர் வளர்ந்திருந்தால் அதை அழித்து நிலத்தைப் பறிக்க உண்மையான உரிமையாளருக்கும் அதிகாரமில்லை; அப்போது தற்காப்புரிமை பயிரிட்டவர் பக்கம் சேர்ந்துவிடுகிறது. ஆகவே இத்தகைய வழக்குகளில், பட்வாரி என்னும் கிராமக் கணக்கர் வயலைப் பார்வையிட்டு எழுதும் கிர்தாவரிப் பதிவு, அதாவது தமிழ்நாட்டு அடங்கலைப் போன்ற பயிர்க்கணக்கு, கிரயப் பத்திரத்திற்கு நிகரான கனம் பெறுகிறது. விதைத்தவர் யார் என்பதை மதிக்கும் இந்தப் பார்வையில் ஆழமான மனிதநேயம் இருக்கிறது.

ஆனாலும் அந்த உரிமைக்கு ஒரு கூரை உண்டு. உடைமையைக் காக்க உயிரைப் பறிக்கும் அளவுக்குச் செல்வதைச் சட்டம் கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருப்புக்குத் தீவைத்தல் போன்ற சில நிலைகளிலேயே அனுமதிக்கிறது. வெட்டவெளி வயலில் ஒருவர் வெறுமனே அத்துமீறி நுழைவது அப்பட்டியலில் இல்லை. வயலுக்காக மட்டும் கொல்ல முடியாது. கொன்றவர், தம் உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு வரும் என்று அஞ்ச நியாயமிருந்ததாகக் காட்டியே தீரவேண்டும். நிலத்தில் தொடங்கிய வழக்கு உடலின் அச்சத்திற்கு வந்து சேர்வதும், புறங்காட்டிய கணம் இத்துணை முக்கியமாவதும் இதனால்தான்.

அந்தக் கணத்தை அளப்பது எளிதன்று என்பதற்கு 2010 ஜனவரியில் நீதிபதிகள் தல்வீர் பண்டாரியும் அசோக் குமார் கங்குலியும் தீர்ப்பளித்த வழக்கு போதிய சான்றாகும். அதுவும் பஞ்சாபில், நெருங்கிய உறவினருக்குள் நிலம் குறித்து எழுந்த மோதல்தான். தந்தைமீது வெட்டு விழுந்த நிலையில் மகன் துப்பாக்கியால் சுட்டதாக எதிர்த்தரப்பு வாதிட்டது. விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுதலை செய்தது. சாட்சியங்கள் ஒன்றே, நொடிகளும் அவையே. கற்றறிந்த மூன்று மன்றங்கள் ஒன்றுபோல் காணவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தற்காப்பை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கத் தேவையில்லை, அது நிகழ்ந்திருக்கக்கூடியது என்று காட்டினாலே போதும் என்னும் விதி இத்தகைய இருளுக்காகவே ஏற்பட்டது. அவர் உடலிலிருந்த காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால் அத்தரப்பின் சாட்சியத்தையே ஐயுற இடமுண்டு என்று 1976-இல் பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியதும் இங்கே நினைக்கத்தக்கது. கருவிகளும் இருபொருள் தருகின்றன. கண்டாசா என்பது நீண்ட கம்பின் நுனியில் அகன்ற இரும்புத் தகடு பொருத்தி மாட்டுத்தீவனம் வெட்டப் பயன்படுத்துவது. அதைக் கையில் வைத்திருந்தவர் சண்டைக்கு வந்தாரா, வேலைக்கு வந்தாரா என்பதைக் கண்டாசாவைப் பார்த்துக் கூறிவிட முடியாது.

தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை 1837-இல் அளித்த மெக்காலேயின் ஆணையம், இந்நாட்டு மக்கள் கொடுமைகளை எதிர்க்காமல் பொறுத்துப் போவதாகக் கருதி, தற்காப்புரிமையைச் சுருக்குவதைவிட எதிர்க்கும் துணிவை ஊக்குவிப்பதே தேவை என்று எண்ணியது. அந்த எண்ணத்தில் ஆள்வோரின் மேட்டிமை கலந்திருந்தது. ஆனால் அதே சட்டம், அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது தற்காப்புரிமை இல்லை என்றும் விதித்தது. காகிதத்தில் இவை இரண்டும் பொருந்துகின்றன, ஊரில் பொருந்துவதில்லை. வரப்புத் தகராறோடு காவல் நிலையப் படியேறியவர், “இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க” என்ற பதிலோடு திரும்புகிறார். நீதிமன்றமோ வாய்தா தருகிறது. அவகாசம் இருந்தது என்று பின்னாளில் கொலை வழக்கில் கூறப்படும்போது, அந்த அவகாசத்திற்குள் அவர் ஏறி இறங்கிய படிகளை எண்ணுவோர் இல்லை.

1962-இன் முடிவு சரியானது என்றே தோன்றுகிறது. ஓடுகிறவரைச் சுடுவதற்கு நாளைய அச்சத்தைக் காரணமாக ஏற்றுக்கொண்டால், எந்தப் பகைக்கும் முடிவிராது. சுடப்பட்டவரின் மகனுக்கும் அதே நாளை உண்டு. ஆனால் அந்தக் கணத்தில் அச்சத்திற்குக் காரணம் நீங்கிவிட்டது என்பதை முழுமையாக ஏற்பது கடினம். நீங்கியது அன்றைய ஆபத்து மட்டுமே. நாளைய ஆபத்தை இனி அரசு ஏற்றுக்கொள்ளும், நீ ஆயுதத்தைக் கீழே வை என்பதே சட்டத்தின் உட்கிடை. அரசு அதை ஏற்காத இடத்தில், ஏற்கவில்லை என்று ஆண்டுக்கணக்கான அனுபவம் காட்டிய இடத்தில், ஆயுதத்தைக் கீழே வைக்காதவரின் குற்றம் முழுவதும் அவருடையதுதானா என்பதற்கு உறுதியான விடை இக்கட்டுரைக்குக் கிட்டவில்லை. தண்டனையின் அளவில் அந்த அனுபவத்துக்கு இடம் தரலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. எவ்வளவு இடம் என்று வரையறுக்க முயன்றால் மறுபடியும் பொன் நிறுக்கும் தராசைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. உடலுக்கான தற்காப்புரிமை ஆபத்து குறித்த அச்சம் நீடிக்கும்வரை நீடிக்கும் என்ற பழைய 102-ஆம் பிரிவு, அதில் 40-ஆம் பிரிவாகப் பொருள் மாறாமல் இடம்பெற்றிருக்கிறது.