மூட்டு நோவும் முஃமினின் தொழுகையும்

 

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில், தொழுகையில் திருடுகிறவனைப் பற்றிப் பேசினோம். ருகூவையும் ஸுஜூதையும் நிறைவாகச் செய்யாதவனே திருடர்களில் மிகக் கெட்டவன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதைச் சற்று உரத்த குரலிலேயே சொன்னோம். பயான் நன்றாக அமைந்ததென ஜமாஅத்தார் பாராட்டினார்கள். நமக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். அல்லாஹ் மன்னிப்பானாக!

அன்றிரவு வீட்டுக்குள் நுழைந்தபோது நமது தாயார் இஷா தொழுதுகொண்டிருந்தார்கள். ஸுஜூதிலிருந்து எழ முடியவில்லை. வலக்கையை ஊன்றினார்கள், கட்டைவிரலின் அடி மூட்டு தாங்கவில்லை. முழங்கையை ஊன்றி, சுவரைப் பிடித்து, முனகலை அடக்கிக்கொண்டு எழுந்தார்கள். நான்கு ரக்அத்தும் அப்படியே. ஸலாம் கொடுத்ததும், "என்ன உம்மா இது? உட்கார்ந்து தொழக்கூடாதா?" என்றோம்.

"நீதானே வாப்பா மைக்குல சொன்னே, தொழுகையில களவு செய்யக்கூடாதுன்னு. இந்த வயசுல நான் களவாணியாப் போய் நிக்கவா அல்லாஹ்கிட்ட?" என்றார்கள்.

நமக்குத் தலை குனிந்துவிட்டது. ஏழாண்டுகள் மதரஸாவில் கிதாபு ஓதினோம். நோயாளியின் தொழுகை என்னும் பாடத்தை உஸ்தாதின் முன் அமர்ந்து வரி வரியாக ஓதினோம். ஊருக்கு எச்சரிக்கையைச் சொன்னோம்; பெற்ற தாய்க்குச் சலுகையைச் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம். இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை உம்மாக்கள் சுவரைப் பிடித்து எழுகிறார்களோ!

தாயாருக்கு வந்திருப்பது மூட்டுத் தேய்வு. மருத்துவர்கள் ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் என்பார்கள். எலும்பும் எலும்பும் சேருமிடத்தில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு மெல்ல மெல்லத் தேய்ந்துபோகிறது. விரல் கணுக்கள் முண்டு முண்டாகத் தடிக்கின்றன. கையில் கட்டைவிரலின் அடியும், காலில் பெருவிரலின் அடியும் நோகின்றன. 50 வயதைக் கடந்த பெண்களுக்கு இது அதிகம். இடியாப்ப உரலை அழுத்துவதும், ஈரத்துணியை முறுக்குவதும், ஊறுகாய்ப் புட்டியின் மூடியைத் திருகுவதும் பெரும்பாடாகிவிடும். "வயசானா வர்றதுதான்" என்று வாய் திறக்காமலே பலர் காலம் தள்ளுகிறார்கள்.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். முதுமைக்குத்தான் மருந்தில்லையே என்று இதைக் காட்டி உட்கார்ந்துவிடுவோர் உண்டு. முதுமையைத் திருப்ப முடியாதுதான். அதனால் வரும் வலியைக் குறைக்க முடியுமே! விரல்களுக்கும் பாதங்களுக்கும் நாள்தோறும் இலேசான பயிற்சி, வெதுவெதுப்பான நீர், வலிக்கு மேற்பூச்சுக் களிம்பு, கட்டைவிரலுக்கு ஒரு பட்டை, விரல்களை நெருக்காத அகலமான செருப்பு, கூடுதலாயிருந்தால் உடல் எடையைக் குறைத்தல் என்று மருத்துவர் சொன்னார். கடையில் வலி மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்றும் எச்சரித்தார்.

உடலில் வலி என்று வந்த உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களிடம், வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று முறை பிஸ்மி சொல்லி, ஏழு முறை அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மருந்தை விட்டுவிட்டு ஓத வேண்டுமென்பதில்லை. களிம்பு தடவுகிற கையாலேயே ஓதலாம்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழும்படியும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டபோது உட்கார்ந்தே தொழுதார்கள். இதைக் களவு என்று யார் சொல்ல முடியும்? திருடன் என்பது முடிந்தும் செய்யாதவனைத்தான். இதை அன்றைக்கே மைக்கில் சொல்லியிருக்க வேண்டும்.

அத்தஹிய்யாத்தில் வலப்பாதத்தை நட்டு விரல்களை மடக்கி உட்காருவது சுன்னத்து, பர்ளு அல்ல. பெருவிரல் நோகிறவர் சம்மணமிட்டோ காலை நீட்டியோ உட்காரலாம். ஸுஜூதில் உள்ளங்கை முழுவதும் பதிய வேண்டுமென்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அதன் ஒரு பகுதி பட்டாலே போதும். ஸுஜூதே இயலாதவர் தலையைக் குனிந்து சைகை செய்வார். ருகூவைவிட ஸுஜூதுக்குச் சற்று அதிகமாகக் குனிய வேண்டும். நிற்க முடியும், ஸுஜூது மட்டும் முடியாது என்றால், ஷாஃபிஈகள் நிற்க வேண்டிய நேரத்தில் நின்றேயாக வேண்டும். ஹனபி மத்ஹபில் அவர் உட்கார்ந்து சைகையால் தொழலாம். இரு சாராரும் ஒரே ஸஃப்பில் நிற்கும் ஊர்களில் இதற்காக ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சற்றே நோகிறது என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வதை நாம் ஒப்பவில்லை. மனஓர்மை கெடுமளவு வலியோ, நோய் கூடிவிடும் என்ற அச்சமோ இருக்க வேண்டும். தொழுகையை மூட்டுக்கு நல்ல தேகப்பயிற்சி என்று பேசித் திரிவோரையும் நாம் ஒப்பவில்லை. அது இபாதத்.

ஒளூவுக்கு வெந்நீர் வைத்துக்கொள்வதில் குறையேதுமில்லை. தபூக் பயணத்தில் முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்ற, நாயகம் (ஸல்) அவர்கள் ஒளூச் செய்தார்கள். காலுறையைக் கழற்ற முகீரா குனிந்தபோது தடுத்து, அதன்மேல் மஸஹு செய்தார்கள். பிறர் ஊற்ற ஒளூச் செய்யலாம் என்பதும், காலைத் தூக்கிக் கழுவ முடியாதவருக்குத் தோல் காலுறை உதவும் என்பதும் இந்த ஒரே சம்பவத்தில் கிடைக்கின்றன. முழு ஒளூவோடு அணிந்திருந்தால் ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் இந்தச் சலுகை உண்டு. மருமகளோ பேரப்பிள்ளையோ ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றட்டுமே!

தாயார் ஒரு நாள் முழுக்க இதை நம்பவில்லை. "பெத்த புள்ளை, இரக்கத்துல சொல்றே" என்றார்கள். கிதாபை எடுத்து வந்து அரபியில் வாசித்துப் பொருள் சொன்னோம். ஆரோக்கியத்தில் செய்துவந்த அமலின் கூலி, நோயில் விழுந்தபின்னும் அப்படியே எழுதப்படுகிறது என்ற அபூமூஸா (ரலி) அவர்களின் ஹதீஸைக் கேட்டதும் அழுதுவிட்டார்கள். பிறகு, மனிதனின் 360 மூட்டுகளுக்கும் நாள்தோறும் தர்மம் உண்டு, ளுஹா இரண்டு ரக்அத் அதற்கு ஈடாகும் என்று சொன்னபோது, "நோவுற மூட்டுக்குமா?" என்று கேட்டார்கள். "எல்லா மூட்டுக்கும்தான் உம்மா" என்றோம்.

இப்போது காலை ஒன்பது மணிக்கு அடுக்களை வேலையை நிறுத்திவிட்டு, நாற்காலியில் அமர்ந்து ளுஹா தொழுகிறார்கள். தஸ்பீஹை விரலில்தான் எண்ணுகிறார்கள். மணிமாலை வாங்கிக் கொடுத்தும் வேண்டாமென்றுவிட்டார்கள். மோதிரவிரல் மடங்குவதில்லை. அதன் முறை வரும்போது தொடைமேல் வைத்து ஒரு முறை அழுத்திக்கொள்கிறார்கள்.