பாட்டிக்கு ஏறிய ரத்தம் யாருடையது?

போன தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் கோவில் மண்டபத்தில் இளைஞர் பகுதி ரத்த தான முகாம் நடத்தியது. பதிவு மேசையில் நான். பத்தொன்பது வயசு தம்பி ஒருவர், கழுத்தில் மாலையோடு வந்து நின்றார்.

"அண்ணே, நான் காவடி விரதத்துல இருக்கேன். ரத்தம் குடுத்தா விரதம் முறிஞ்சிருமா?"

முறியாது என்றேன். பசியாறினீங்களா, ராத்திரி ஒழுங்கா தூங்கினீங்களா என்று கேட்டு மிஸியிடம் அனுப்பப் பார்த்தேன். தம்பி நகரவில்லை.

"சரிண்ணே. விரத நேரத்துல எனக்கு மோட்டார் ஆக்சிடண்ட் ஆகி, மத்தவங்க ரத்தத்த எனக்கு ஏத்துனா? அவங்க மாடு சாப்பிடறவங்களா இருந்தா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "அப்புறம் பேசுவோம் தம்பி" என்று சொல்லிவிட்டேன். வரிசை ஒரு சாக்குதான். இந்தக் கேள்வி பதினோரு வருஷமாக என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இப்போதுதான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்பாவுக்கு ஆறு வயதிருக்கும்போது கடுமையான காய்ச்சல் கண்டு, பிழைக்க மாட்டான் என்று லயத்தில் எல்லாரும் சொல்லிவிட்டார்களாம். பிள்ளையைக் காப்பாற்றிக் கொடு, இனி என் வாயில் மாமிசம் வைக்க மாட்டேன் என்று பாட்டி முருகனுக்கு நேர்ந்துகொண்டார். அப்பா பிழைத்தார். அதிலிருந்து பாட்டி சைவம். ஆனால் எங்களுக்குக் கோழி சமைத்துப் போடுவார். அதற்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. ருசி பார்க்க மாட்டார். "உப்பு சரியா இருக்கா பாருடா" என்று என்னைத்தான் கூப்பிடுவார்.

எழுபத்து மூன்று வயதில் ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். முட்டி வலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளுக்குள்ளேயே ரத்தம் போயிருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே இருந்தது. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். இரண்டு பை ரத்தம் உடனே ஏற்றணும் என்றார் டாக்டர், ஒரு மலாய்க்கார அம்மா. சம்மதப் பாரத்தை நீட்டினார். பாட்டி கையை மடக்கிக்கொண்டார்.

"யாரு ரத்தம்? மாடு தின்னவங்க ரத்தம் என் உடம்புல ஏறுனா, இத்தன வருஷமா காத்தது என்னாவறது?"

அந்த ராத்திரி எனக்குத் தெரிந்த அறிவியல் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்ட மாமிசம் அப்படியே ரத்தத்தில் மிதப்பதில்லை. வயிற்றிலும் குடலிலும் அது அமினோ அமிலங்களாக உடைந்த பிறகுதான் ரத்தத்துக்குப் போகிறது. பருப்பு சாப்பிட்டாலும் அதே அமினோ அமிலங்கள்தான். பையில் வருவது பெரும்பாலும் சிவப்பணுக்கள். அவற்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். நாலு மாசத்தில் கொடுத்தவரின் அணு ஒன்றுகூட மிஞ்சாது. அவற்றிலிருந்த இரும்பை நம் உடம்பு எடுத்து வைத்துக்கொண்டு புது அணுக்களைச் செய்யும். அந்த இரும்பு மாட்டிலிருந்து வந்ததா, முருங்கைக் கீரையிலிருந்து வந்ததா என்று எந்த லேப்பும் சொல்ல முடியாது.

பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். அசையவில்லை. அவர் கேட்டது வேதியியல் கேள்வி இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

நாம் ஏன் மாமிசம் விடுகிறோம்? எனக்குத் தெரிந்து மூன்று காரணம் உண்டு. ஓர் உயிரைக் கொல்லக் கூடாது என்பது ஒன்று. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கென்று ஓர் அதிகாரமே வைத்ததும் அதற்காகத்தான். நாக்கை அடக்கப் பழகுவது இன்னொன்று. விரத நாட்களில் நாம் செய்வது பெரும்பாலும் இதுதான். இந்த இரண்டில் எதையும் ரத்தம் ஏற்றுவது மீறுவதில்லை. ஊசி வழியாக ஏறுகிற ரத்தத்தை எந்த நாக்கும் ருசிப்பதில்லை. அதற்காக எந்த உயிரும் சாகவில்லை. கொடுத்தவர் பத்து நிமிஷம் படுத்திருந்து, மைலோவும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தால், பல மருந்துகளைவிட இது அகிம்சையானது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. 1982 வரை விற்ற இன்சுலின் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து எடுத்தது.

மூன்றாவது காரணம்தான் சங்கடம்: தீட்டு. மாமிசம் தின்பவர் உடம்பு அசுத்தம், அது என்னைத் தொட்டால் நானும் அசுத்தம் என்கிற நினைப்பு. பாட்டியைப் பிடித்திருந்தது இதுதான். வேடிக்கை என்னவென்றால், இதே பாட்டி மாமிசம் தின்னும் பேரப்பிள்ளைகளை மடியில் படுக்கவைத்துக் கதை சொன்னவர். தன் நோன்பைக் காரணமாக்கி அவர் எங்களை ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. நோன்பு என்பது நான் என்மேல் போட்டுக்கொண்ட கட்டு. முன்பின் தெரியாத ஒருவர் சும்மா கொடுத்துவிட்டுப் போன ரத்தத்தை அவருடைய சாப்பாட்டை வைத்து அளந்தால், அந்தக் கட்டை அவர் தலையிலும் போட்டதாகிவிடும். தொட்டால் தீட்டு என்ற சொல் நம் தாத்தா பாட்டிகளில் பலரை எந்தப் படிக்கு வெளியே நிறுத்திவைத்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து முனியாண்டிக்குக் கிடா வெட்டிப் பொங்கலிட்டவர்கள் வழியில் வந்த நாம் இந்தப் பேச்சைப் பேசலாமா?

சாந்தோக்கிய உபநிஷதத்தின் முதல் பகுதியில் உஷஸ்தி என்றொருவர் வருகிறார். குரு நாட்டில் விளைச்சல் அழிந்து பஞ்சம். மனைவியோடு யானைக்காரர்களின் ஊரில் ஒதுங்கியிருக்கிறார். ஒருவன் வேகவைத்த பயறு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துக் கேட்கிறார். "என் தட்டில் இருப்பதைத் தவிர வேறு இல்லையே" என்கிறான். அதையே கொடு என்கிறார். எச்சில் உணவு. ஒழுக்கம் தவறாத ஒருவர் தொடக் கூடாதது. வாங்கிச் சாப்பிடுகிறார். அவன் தண்ணீரும் நீட்டுகிறான். வேண்டாம், அது எச்சில் என்கிறார். "பயறும் எச்சில்தானே?" என்று அவன் கேட்கிறான். அதைத் தின்னாவிட்டால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன், தண்ணீர் எனக்கு வேறு இடத்திலும் கிடைக்கும் என்பது அவர் பதில்.

உயிருக்கு ஆபத்து வந்தபோது விதி வழிவிட்டது. தேவை முடிந்த இடத்தில் திரும்பி வந்து நின்றது. மீதிப் பயறை மனைவிக்கு எடுத்துப் போகிறார். மறுநாள் காலை அதில் மிச்சமிருந்ததைத் தின்றுவிட்டுத்தான் அரசன் நடத்தும் வேள்விக்குப் போகிறார். யாரும் அவரை அசுத்தன் என்று தள்ளவில்லை.

ரத்தம் விஷயத்தில் நம்மைவிடக் கடினமான சட்டம் உள்ளவர்கள் யூதர்கள். இறைச்சியை உப்பிட்டு ரத்தத்தை வடித்த பிறகுதான் சமைப்பார்கள். அவர்களே உயிர்காக்க ரத்தம் ஏற்றுவதை ஏற்கிறார்கள். உயிரைக் காப்பது ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளுக்கும் மேல் என்பது அவர்கள் முறை. முஸ்லிம்களுக்கும் ரத்தம் உண்பது விலக்கு. ஆனால் வேறு வழியில்லாத நிலையில் குற்றமில்லை என்று குர்ஆனே சொல்கிறது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மட்டும் 1945 முதல், ரத்தத்தை விலக்குங்கள் என்ற பைபிள் கட்டளை ஊசிக்கும் பொருந்தும் என்று கொள்கிறார்கள். அவர்கள் வாதம் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அறிவு தெளிவாக இருக்கும்போதே அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டு, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்களே, அந்த ஒன்றை நான் மதிக்கிறேன். காரணம், பாட்டி விஷயத்தில் நான் செய்தது அதற்கு நேர் எதிர்.

நான் பொய் சொன்னேன்.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். பாட்டி உதடு வெளுத்துக் கிடக்கிறார். காதருகே குனிந்து, "பாட்டி, ஏத்தப் போறது என் ரத்தம். நான் ஒரு மாசமா சைவம்தான்" என்றேன். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "உன் ரத்தமா? அப்ப சரி" என்று கைநாட்டு வைத்தார்.

என் ரத்தம் பி வகை. பாட்டியுடையது ஓ. ஓ வகைக்காரருக்கு ஓ மட்டும்தான் சேரும். 1901-ல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பற்றி எழுதாத காலமாக இருந்து, என் பொய்யை நம்பி என் ரத்தத்தையே ஏற்றியிருந்தால் பாட்டி செத்தே போயிருக்கலாம். சைவம் என்றதும் பொய். முந்தின நாள்தான் நாசி லெமாக்கோடு கோழி ரெண்டாங் சாப்பிட்டிருந்தேன்.

உயிர் போகும் நேரத்தில் சொன்ன பொய், யாருக்கும் தீமை இல்லாத பொய் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் காந்தியின் சுயசரிதையைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாவுக்கு அடிக்கடி ரத்தப்போக்கு ஏற்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. டர்பன் டாக்டர் வீட்டில் அவரை விட்டுவிட்டு காந்தி ஜொகன்னஸ்பர்க் போயிருக்கிறார். மாட்டிறைச்சி ரசம் கொடுக்க அனுமதி கேட்டு டாக்டர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். அவளையே கேளுங்கள், அவள் விருப்பம் என்கிறார் காந்தி. நேரில் வந்து பார்த்தால், தொலைபேசியில் கேட்கும்போதே ரசத்தைக் கொடுத்துவிட்டிருக்கிறார் டாக்டர். உயிரைக் காப்பாற்ற நோயாளியை ஏமாற்றுவதை நாங்கள் நல்ல காரியமாகத்தான் நினைக்கிறோம் என்கிறார். நல்ல மனிதர், நண்பர். ஆனாலும் காந்திக்குப் பொறுக்கவில்லை. கஸ்தூரிபாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்கிறார். எனக்கு அது வேண்டாம், உங்கள் கையிலேயே செத்தாலும் பரவாயில்லை என்கிறார் அந்த அம்மா. அந்த நிலையிலேயே மழையில் ஃபீனிக்ஸுக்குக் கூட்டிப் போனார்கள். பிழைத்தார்.

பிழைத்தார் என்பதால் காந்தி செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. செத்தும் போயிருக்கலாம். அதோடு, மாட்டு ரசமும் மனித ரத்தமும் ஒன்றல்ல. முன்னதற்கு ஒரு மாடு சாக வேண்டும். என்னைக் குத்தியது அந்த டாக்டர்தான். அவர் பேசியது என் பேச்சு. உஷஸ்தி எச்சில் பயறைத் தின்றார் என்றால், அது எச்சில் என்று தெரிந்தே தின்றார். முடிவு அவருடையது. பாட்டிக்கு உஷஸ்தி கதையை நான் சொல்லியிருக்கலாம். "இந்த ரத்தத்துக்காக எதுவும் சாகல பாட்டி, நீங்க நேர்ந்துகிட்டதும் ஒரு உயிருக்காகத்தானே" என்று கேட்டிருக்கலாம். ஒருவேளை சம்மதித்திருப்பார். அறிவியலைத் தவிர எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. பல வருஷம் சமய வகுப்புக்குப் போய் நான் மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட அந்த ராத்திரி உதவிக்கு வரவில்லை. வகுப்பு நடத்தும் அண்ணன்மார், அக்காமார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாட்டி அப்புறம் நாலு வருஷம் இருந்தார். கோவிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "என் பேரன் ரத்தம்தான் இப்ப என் உடம்புல ஓடுது" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளுவார். நான் திருத்தவில்லை. யாரோ இரண்டு பேர் கொடுத்த ரத்தம் அது. அவர்களுக்குப் போக வேண்டிய நன்றியை நாலு வருஷம் நான் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே மாலை போட்ட தம்பிக்கு: உங்களுக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். கொடுத்தவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்க வேண்டாம். உங்கள் விரதம் உங்களிடம் பத்திரமாக இருக்கும். இது என் முடிவு. உங்கள் வீட்டில் அப்பாவோ பாட்டியோ வேறு மாதிரி நினைத்தால், மயங்கிக் கிடக்கும்போது காதில் குனியாமல், நல்லா இருக்கும்போதே சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டு வையுங்கள்.

எங்கள் அம்மாவும் இப்போது சைவம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ரத்தம் ஏத்துங்க. யாரு குடுத்தா என்ன, அவங்க நல்லா இருக்கணும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அந்த மீன் எண்ணெய் மாத்திரை ஜெலட்டின்ல செஞ்சதாமே, அது வேணாம். சத்துக்கு வேற ஏதாவது இருக்கான்னு கேட்டுப் பாரு" என்றார். அப்புறம் கரண்டியை வைத்துவிட்டு, "ஏன்டா திடீர்னு கேக்கற?" என்றார்.

பாட்டி கதையை அன்றைக்குத்தான் அம்மாவிடம் முழுசாகச் சொன்னேன்.